வெர்னாவின் டிரக் ஏன் கிளம்பவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் என் கண்ணால் பார்த்தது கால் நிமிஷம்கூட இருக்காது.

நாங்கள் குடியிருக்கும் பனி நாட்டில், ஜனவரியில் ஒரு காலை. தபால் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு வீட்டு முன்னால் பழைய டீசல் டிரக் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. அதன் பின்பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. கம்பளி சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒரு பெண் இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தாள். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் இரண்டு கையிலும் காபிக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தார். உதவிக்கு ஆள் இருக்கிறது என்பதால் நான் காரை நிறுத்தவில்லை.

திரும்பும்போது வேறு தெரு வழியாக வந்தேன். ஏன் என்று அப்போது தெரியாது. இப்போது தெரிகிறது. டிரக் அங்கே நிற்கிறதா, போய்விட்டதா என்று பார்த்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்துபோயிருக்கும்.

சின்ன ஊர். யாரிடமாவது கேட்டால் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். கேட்கவில்லை. ஆகவே பெயர்கள் என்னுடையவை, பேச்சு என்னுடையது, நோயும் நான் கொடுத்தது. டிரக் மட்டும் அவர்களுடையது.

2

நான் எழுதும் தமிழ் வாரப் பத்திரிகையின் எடிட்டரிடம் போனில், "ஒரு டிரக் ஹீட்டர் பழுதாகிற கதை" என்றேன். "குளிக்கிற ஹீட்டர் மாதிரியா மேடம்?" என்றார்.

கிட்டத்தட்ட அப்படித்தான். வித்தியாசம், இங்கே குளிப்பது இன்ஜின். மைனஸ் முப்பத்தாறு டிகிரியில் டீசல் இன்ஜினை வெறுமனே கிளப்ப முடியாது. எண்ணெய் தார் மாதிரி ஆகிவிடும். அதனால் இன்ஜினின் வயிற்றுக்குள் ஒரு சூடேற்றும் கம்பி வைத்திருப்பார்கள். அதன் ஒயர் டிரக்கின் முகத்தில் நாக்கு மாதிரி வெளியே தொங்கும். ராத்திரி அதை வீட்டுச் சுவரிலிருக்கும் பிளக்கில் சொருகிவிட்டுப் படுக்க வேண்டும். சொருகிய கொஞ்ச நேரத்தில் இன்ஜினுக்குள் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும், காபிக்கு வைத்த தண்ணீர் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்குமே, அது. அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சரி, கதை எங்கே தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: அந்தக் காலையில் ஊர் முழுவதும் ஒரு வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு...

வேண்டாம். பனியைப் போர்வை என்பவர்கள் பனியில் வாழ்வதில்லை. போர்வை கதகதப்பானது.

தொடக்கம் இரண்டு: வெர்னா பிரிஸ்டுபா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு முறை முனகியது. இரண்டாம் முறை பாதி முனகியது. மூன்றாம் முறை அவளே விட்டுவிட்டாள்.

இது பரவாயில்லை. ஆனால் டிரக் கிளம்பாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வாசகர் கேட்பார். வாரப் பத்திரிகையில் முதல் பத்தியிலேயே முடிச்சு விழ வேண்டும்.

தொடக்கம் மூன்று: இன்று மாலை நான்கு மணிக்குள் எல்மரைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அந்தக் கட்டில் வேறு ஆளுக்குப் போய்விடும்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

எல்மர் வெர்னாவின் கணவர். எழுபத்து மூன்று வயது. நடுக்குவாதம். கையில் தொடங்கி இப்போது காலுக்கும் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் குளியலறையில் விழுந்தார். வெர்னாவால் தூக்க முடியவில்லை. அவளுக்கும் எழுபது ஆகிறது, இடுப்பு சரியில்லை. பக்கத்து வீட்டு ஒரெஸ்ட் வந்து தூக்கும்வரை அவள் அவர் பக்கத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து அந்த முடிவை எடுத்தார்கள். நகரத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டு எழுதிப்போட்டார்கள். வெர்னாவுக்கு அங்கே இடமில்லை, அது படுத்த படுக்கைக்குப் பக்கத்தில் போய்விட்டவர்களுக்கான இடம். நேற்று போன் வந்தது. ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது. மறுநாள், அதாவது இன்று, நான்கு மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த பெயர். மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது. வரும்போது சொந்த நாற்காலி ஒன்று கொண்டுவரலாம்.

இரண்டு மணி நேரப் பயணம். அதற்குத்தான் டிரக்.

(நோயைப் பற்றி இன்னும் நான்கு பத்தி எழுதியிருந்தேன். கண்ணீர் வந்தது. எனக்குத்தான். எடுத்துவிட்டேன்.)

வெர்னா இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ். ராத்திரி முழுக்கச் சொருகியிருந்தும் ஹீட்டர் ஒரு துளிகூட வேலை செய்யவில்லை. பானெட்டைத் திறந்தாள். ஒயரை நுனியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அதன் உலோகப் பின்னில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைக் கத்தியால் சுரண்டினாள். விரல் மரத்துப்போனதும் உள்ளே வந்தாள்.

"என்னாச்சு?" என்றார் எல்மர்.

"ஹீட்டர் வேலை செய்யல. இன்ஜின் பாறாங்கல்லா கெடக்கு."

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு?"

"நேத்து நீயும் நல்லாத்தான் இருந்த. ராத்திரி சட்டைப் பட்டன் போட அரை மணி நேரம்."

"எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வர்றத நிறுத்திட்டாங்க கிழவி."

"முட்டையச் சாப்பிடு. ஆறுது."

"ஆம்லெட்னா எங்கிட்ட குடு. கரண்டியப் புடிச்சா போதும், தானா அடிச்சுக்கும்."

வெர்னா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி, ஒரு வாய் எடுத்து ஊட்டினாள். அவர் வாயைத் திறக்கும்போதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா பாரு வெர்னா. அவசரம் ஒண்ணுமில்ல."

"அவசரம் இல்லயா? நாலு மணி எல்மர்."

"தெரியும்," என்றார். "அதான் சொல்றேன். மெதுவா பாரு."

4

ஒரெஸ்ட் வந்தார். முன்னாள் தபால்காரர். உலகத்தில் எது கெட்டாலும் எலிதான் காரணம் என்று நம்புகிறவர்.

"எலிதான் வெர்னா. அடிச்சுச் சொல்றேன். ஒயரக் கடிச்சிருக்கும்."

"உன் டிவி நின்னப்பவும் எலின்னுதான்யா சொன்ன."

"அது எலிதான்!"

"ரிமோட்டுல பேட்டரி தீந்துபோயிருந்துச்சு. நாந்தான் மாத்திக் குடுத்தேன்."

"பேட்டரிய யாரு தீத்தது?"

வெர்னா அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பனியில் போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்து டிரக்குக்கு அடியில் போனாள். ஒயர் இன்ஜினில் சேரும் இடம் அடியில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அவளுடைய பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரெஸ்ட் அந்தப் பூட்ஸோடு பேச்சைத் தொடர்ந்தார்.

"எங்கிட்ட களை எரிக்கிற கேஸ் டார்ச் இருக்கு. அடியில வெச்சுக் கொஞ்ச நேரம் காட்டினோம்னா இன்ஜின் வெண்ணெயா எளகிடும்."

"உன் தம்பி டிராக்டருக்கு அப்படித்தான் காட்டினான். இப்ப அவங்கிட்ட டிராக்டரும் இல்ல, கொட்டாயும் இல்ல."

"கொட்டாய் பழசு வெர்னா. எப்படியும் இடிக்கணும்னுதான் இருந்தான்."

பூட்ஸ் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

"ஒயர்னதும் ஞாபகம் வருது," என்றார் ஒரெஸ்ட். "எல்மர் ஒருதடவ ஒயரப் புடுங்க மறந்து வண்டிய எடுத்துட்டான்ல? சர்ச் வாசல்ல வந்து நிக்கிறான், பின்னாடி முழ நீளத்துக்கு ஒயரு, ஒயரு முனையில உங்க வீட்டுச் செவுத்துப் பலக. ஃபாதர் வண்டிக்கெல்லாம் தீர்த்தம் தெளிக்க வந்தவரு, அந்தப் பலகைக்கும் சேத்துத் தெளிச்சுட்டுப் போயிட்டாரு."

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"அந்தப் பலகையத்தான் திரும்ப அடிச்சு வெச்சிருக்கோம்," என்றாள். "தீர்த்தம் பட்டதாச்சே, மழைக்குக்கூட ஊறல."

அவள் வெளியே வந்து எழுந்து நின்றாள். ஒயரின் இணைப்பும் சரியாகத்தான் இருந்தது. ஒரெஸ்ட் காபியை நீட்டினார். அது அதற்குள் ஐஸ் காபி.

"வெர்னா, கேளு. என் கார் ராத்திரி பூரா சூடேறி ரெடியா நிக்குது. இப்பவே ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம்."

"நாற்காலி?"

"நாளைக்கு என் மச்சான் வண்டியில போட்டு எடுத்துட்டுப் போவோம்."

"நாற்காலி இல்லாம அவன் எங்க உக்காருவான்?"

"ஒரு ராத்திரிதான வெர்னா."

"ஒரு ராத்திரி," என்றாள். மறுபடி இன்ஜினுக்குள் தலையை விட்டாள்.

5

ஒரெஸ்டின் கார் எனக்குப் பெரிய தலைவலி.

முதல் பிரதியில் அதை ரிப்பேர் கடைக்கு அனுப்பிவிட்டேன். தொடர்கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். நமக்கு வேண்டாத வண்டியைக் கடைக்கும், வேண்டாத மாமியாரைக் காசிக்கும் அனுப்பிவிடுவோம். ஆனால் இந்த ஊரில் மைனஸ் முப்பத்தாறில் ஒரு வீட்டில் வண்டி கிளம்பாவிட்டால் தெருவே சாவியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். ஒரெஸ்ட் கேட்காமல் இருந்தால் அவர் ஒரெஸ்ட் இல்லை. எனவே காரைக் கடையிலிருந்து வரவழைத்து, சூடேற்றி, வாசலில் நிறுத்தி, அவரைக் கேட்கவும் வைத்தேன்.

அவள் ஒத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அதற்கு அடுத்த காட்சிகூடத் தயாராக இருந்தது. காரில் மூன்று பேர், ரேடியோவில் பனிப்புயல் எச்சரிக்கை, எல்மர் கண்ணாடியில் மூச்சை ஊதி விரலால் ஏதோ வரைகிறார்...

ஆனால் எழுதும்போது அவள் "நாற்காலி?" என்று கேட்டுவிட்டாள்.

கதாபாத்திரம் தன்னிஷ்டத்துக்குப் பேசியது என்று எழுத்தாளர்கள் சொன்னால் நம்பாதீர்கள். எழுதுவது நம் கைதான். ஆனால் சில வரிகளை எழுதிவிட்டு, இதை ஏன் எழுதினோம் என்று நாமே உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு நாற்காலிக்காக யாராவது ஒரு கட்டிலை விடுவார்களா? அவளால்தான் அவரைத் தூக்க முடியாதே. இன்னொரு முறை விழுந்தால் என்ன செய்வாள்?

இதற்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

6

இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். கதையைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. எழுத்துப் பிழை இருந்தால் சொல்வார். ஒரெஸ்டின் தம்பி கொட்டாய் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு, "இது தப்பு" என்றார்.

"எது?"

"உன் கார் ஹீட்டர் வேலை செய்யலன்னா நீ முதல்ல என்ன பண்ணுவ?"

"உங்களக் கூப்பிடுவேன்."

"நான் என்ன பண்ணுவேன்?"

யோசித்தேன். போன குளிர்காலத்தில் இதே மாதிரி ஆனபோது அவர் வரவேற்பறையில் இருந்த மேஜை விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிப் போனது ஞாபகம் வந்தது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தேன்.

"பிளக்குல கரண்ட் வருதான்னு பாப்பீங்க."

"அவ்வளவுதான். விளக்க சொருகிப் பாக்க அரை நிமிஷம். எரியலன்னா தப்பு வீட்டுப் பக்கம். எரிஞ்சா தப்பு வண்டிப் பக்கம். இந்த ஊர்ல ஸ்கூல் பசங்களுக்குக்கூடத் தெரியும். உன் வெர்னா என்ன வேலை பாத்தான்னு எழுதியிருக்க?"

எழுதியிருந்தேன், ஒரு பழைய பிரதியில். வெர்னா வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். குளிர்காலத்தில் தினமும் விடிவதற்கு முன் ஒரு டீசல் பஸ்ஸைக் கிளப்பியவள்.

"அவ போய் நேரா பானெட்டத் தொறப்பாளா?" என்றார். "அட்டையப் போட்டு அடியில படுப்பாளா? பிளக்கப் பாக்காம?"*

கதை கெட்டது என்று நினைத்தேன்.

* உள்ளூர் வாசகர் இன்னொரு கேள்வியும் கேட்பார்: நுனியில் சிவப்பு விளக்கு எரிகிற ஒயர் கடையில் கிடைக்கிறதே, கரண்ட் வந்தால் பளிச்சென்று காட்டுமே, அவளிடம் அது இல்லையா? இருந்தது. நான்தான் பிடுங்கிக்கொண்டு சாதாரண ஒயரைக் கொடுத்தேன். மன்னிக்கவும்.

7

திருத்துவது சுலபம். இரண்டே வரி. வெர்னா பிளக்கைப் பார்க்கிறாள், காரணத்தைக் கண்டுபிடிக்கிறாள், சரி செய்கிறாள், மதியம் கிளம்பிப் போகிறார்கள். ஆனால் அப்படித் திருத்தினால் கதையே இல்லை.

பேனாவை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அங்கேதான் அது தோன்றியது. வெர்னா இந்தத் தப்பைச் செய்யவே மாட்டாள் என்றால், அவள் தப்பே செய்யவில்லை.

பழுது பார்ப்பதைப் பற்றி நான் யோசித்து வைத்திருப்பது இது. வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் அது எங்கே இருக்கும் என்று நினைக்கிறோமோ அங்கே முதலில் தேடுவோம். கிடைக்க வேண்டும் என்று விரும்பும்போது நடப்பது அது. கிடைத்துவிடுமோ என்று பயப்படும்போது முதலில் வேறெங்கெல்லாமோ தேடுவோம். மருத்துவமனை ரிப்போர்ட் வந்த கவரைப் பிரிக்காமல் மின்சார பில்லை இரண்டு முறை படிப்போம். ஆக ஒருவர் எதைத் தேடுகிறார் என்பதைவிட எங்கே தேட ஆரம்பிக்கிறார் என்பதைப் பார்த்தால் அவர் மனசு தெரிந்துவிடும்.

வெர்னா வண்டியில் ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் இடத்தில்.

நான் பார்த்த நிஜமான பெண்ணும் இன்ஜினுக்குள்தான் தலையை விட்டிருந்தாள். அதற்கு முன்னால் அவள் பிளக்கைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. [இங்கே அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வாக்கியம் எழுதி, அடித்துவிட்டேன். அவள் தமிழ் படிக்க மாட்டாள்.]

ஆகவே 3-ஐயும் 4-ஐயும் திருத்தவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. வேண்டுமானால் திரும்பிப் போய் எல்மர் "மெதுவா பாரு" என்று சொல்கிற இடத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நானும் படித்தேன். எழுதும்போது நான் அதை அன்பு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

8

இப்போது கதையை வேகமாக நகர்த்த வேண்டும். மணி பத்தரை தாண்டிவிட்டது.

ஒரெஸ்ட் தன் கொட்டகையிலிருந்து மீட்டர் கொண்டுவந்தார். ஒயரின் இரண்டு பின்னிலும் வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் கம்பி உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடும். வெர்னா மீட்டர் வேண்டும் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் கிடைக்கவில்லை.

"பதினாலு காட்டுது," என்றார் ஒரெஸ்ட். மூக்குக் கண்ணாடியில் உறைபனி. "பதினாலு நல்லதா, கெட்டதா?"

வெர்னா மீட்டரைப் பார்த்தாள்.

"நல்லது."

"அப்ப ஹீட்டர் உசுரோட இருக்கு!"

"இருக்கு."

"எலி இல்லயா அப்ப?"

"இல்ல."

ஒரெஸ்டுக்கு ஏமாற்றம்தான். சமாளித்துக்கொண்டார். "ஹீட்டர் நல்லாருக்கு, ஒயர் நல்லாருக்கு. அப்ப கரண்டே வரல. கரண்டு வரலன்னா சுவிட்ச்சு... ஆனா அதுலதான் டேப்பு ஒட்டியிருக்கே."

இதைச் சொல்லியாக வேண்டும். இங்கே வீடுகளில் பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு சுவிட்சுகள் இருக்கும். ஒன்று விளக்குக்கு. மற்றது வெளிச்சுவரில் இருக்கும் பிளக்குக்கு. விருந்தாளி யாராவது விளக்கு என்று நினைத்து இரண்டாவதை அணைத்துவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. எல்லா வீட்டிலும் ஒரு முறை அப்படி ஆகியிருக்கும். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அந்தச் சுவிட்சின் மேல் குறுக்காக ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க அதை யாரும் தொட மாட்டார்கள். டேப் ஒட்டியிருந்தால் ஆன் என்று அர்த்தம். இந்த ஊரில் சாமி படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாலும் பார்ப்பார்களே தவிர டேப்புக்குப் பின்னால் பார்க்க மாட்டார்கள்.

"போய்ப் பாத்துட்டு வரேன்," என்றாள் வெர்னா.

"நானும் வரவா?"

"நீ பானெட்டப் பாத்துக்க."

"பானெட்ட என்னத்தப் பாத்துக்கிறது? அது எங்கயாவது ஓடிடுமா?"

"இன்ஜின்ல காத வெச்சுக் கேட்டுக்கிட்டிரு. சத்தம் வந்துச்சுன்னா கத்து."

ஒரெஸ்ட் தொப்பியின் காதுமடலைத் தூக்கிவிட்டு இன்ஜின் மேல் குனிந்தார்.

வெர்னா பின்வாசல் வழியாக உள்ளே போனாள். பூட்ஸைக் கழற்றவில்லை. விடியற்காலையில் இங்கே நின்றுதான் அந்தப் பூட்ஸை மாட்டினாள். விளக்குச் சுவிட்சைப் போட்டாள். பக்கத்தில் இன்னொரு சுவிட்ச், அதன் மேல் டேப். சாம்பல் நிறம். விரல் அகலம்.

"கண்டுபுடிச்சிட்டியா?" சமையலறையிலிருந்து எல்மரின் குரல்.

'என்னாச்சு' என்று கேட்கவில்லை, கவனியுங்கள்.

வெர்னா கையுறையைக் கழற்றி, டேப்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அடியில் சுவிட்சின் மொட்டு தட்டுப்பட்டது. இந்த நாட்டில் மேலே தள்ளியிருந்தால் ஆன், கீழே இருந்தால் ஆஃப். நம் ஊருக்கு நேர் எதிர்.

மொட்டு கீழே இருந்தது.

அதுவாகக் கீழே போகாது, டேப் இருக்கிறது. நேற்று ராத்திரி யாரோ டேப்பைப் பிரித்து, சுவிட்சை அணைத்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

9

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக.

டேப் எப்படி ஒட்டியிருந்தது என்று நான் இன்னும் எழுதவில்லை.

ஒரு பிரதியில் நேராக ஒட்டினேன். விளிம்புக்கு விளிம்பு சரியாக, ஒரு சுருக்கம் இல்லாமல். எல்மரின் கையால் அப்படி ஒட்ட முடியாது. சட்டைப் பட்டனே அரை மணி நேரம். அப்படியானால் அது வெர்னா. நகரத்துக்குப் போன் செய்து "வருகிறோம்" என்று சொன்னதும் அவள்தான், நாற்காலியை ஏற்றிக் கட்டியதும் அவள்தான், படுக்கப் போகும் வழியில் டேப்பைப் பிரித்ததும் அவள்தான். அவளால் அவரைத் தூக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை போய்விட்டது. அப்படிப் பார்த்தால், காலை முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து, தன் மனைவி இல்லாத பழுதைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எல்மருக்கு ஏதோ புரிந்திருக்கிறது. புரிந்தும் அவளைப் பிடித்துக் கேட்கவில்லை. மெதுவாகப் பார் என்று சொன்னார்.

இன்னொரு பிரதியில் கோணலாக ஒட்டினேன். ஒரு முனை மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொண்டு, நடுவில் காற்றுக் குமிழோடு. அப்படியானால் அது எல்மர். பிடித்து நடக்கிற வாக்கரைத் தள்ளிக்கொண்டு, இருட்டில், இந்த ஒரு துண்டு டேப்போடு அவர் எவ்வளவு போராடியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அப்படியானால் வெர்னா விடியற்காலையில் பூட்ஸ் மாட்டும்போதே அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது. சுவிட்சை அப்போதே போட்டிருக்கலாம். போடவில்லை. உள்ளே போய் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே போய், பழுது எங்கே இல்லையோ அங்கே, விரல் மரத்துப்போகும்வரை தேடினாள். அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அவர் ஜன்னலில் உட்கார்ந்து அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்பதற்காகவும்.

என் வீட்டுக்காரர் கோணல் என்கிறார். கோணல்தான் நம்பும்படி இருக்கிறதாம். எடிட்டருக்கு நேராக இருந்தால் பிடிக்கும். வாசகிகள் கடிதம் போடுவார்கள். எனக்கு ஒரு நாள் இது, ஒரு நாள் அது. ஒன்று மட்டும் இரண்டு பிரதியிலும் மாறவில்லை. யார் அணைத்திருந்தாலும் மற்றவருக்குத் தெரியும். தெரிந்தும், ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவில்லை.

கணக்கு இதுதான். மணி பத்தே முக்கால். இப்போது சுவிட்சைப் போட்டால் இன்ஜின் சூடாக மூன்று மணி நேரம், நகரத்துக்கு இரண்டு மணி நேரம். நான்கு மணிக்கு முன்னால் போய்விடலாம், மூச்சு விடக் கொஞ்சம் நேரம்கூட மிச்சம் இருக்கும். போகாவிட்டால் இன்று ராத்திரி அவருக்கு அவருடைய சொந்தப் படுக்கை, பக்கத்தில் வெர்னா. நாளைக்குக் குளியலறையும் அதே குளியலறை.

எந்த முடிவும் நல்ல முடிவு இல்லை. கெட்ட முடிவும் இல்லை. அதனால்தான் என்னால் எழுத முடியவில்லை. பயந்துகொண்டு ஒதுங்குகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தவள்தானே நான்.

உங்களிடம் விட்டுவிடுகிறேன். வெர்னா பின்வாசலில் நிற்கிறாள். கட்டைவிரல் டேப்பின் மேல் இருக்கிறது. அது நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கண்டுபுடிச்சிட்டியா வெர்னா?" எல்மர் இரண்டாம் முறை கேட்கிறார். குரலில் அவசரம் இல்லை.

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் அவளுக்குப் பதில் எழுதவில்லை. சுவிட்சைப் போட்டாலும் சரி, டேப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டிவிட்டு "ஒண்ணும் புரியல" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் சரி, எனக்குச் சம்மதம்.

ஒன்றே ஒன்று. வெளியே ஒரெஸ்ட் தொப்பிக் காதைத் தூக்கிவிட்டுக்கொண்டு, 'உஸ்ஸ்' சத்தம் வருகிறதா என்று இன்ஜின் மேல் காதை வைத்தபடி குனிந்து நிற்கிறார். மைனஸ் முப்பத்தாறு. நல்ல மனிதர். அவரை ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.